நீலம் பாரித்த தகடு

பதினெட்டு வருஷமாக அடுத்தவர் வயிற்றைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற சவரியப்பனை, அப்படிப் பிடிக்கிற கருவி ஒன்றாலேயே யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள்.

வலங்கைமானுக்குக் கிழக்கே, வாய்க்கால் மதகின் மேல் வியாழக்கிழமை விடிந்ததும் அவரை முதலில் பார்த்தவர்கள், அறுவடை மிஷினை வயலில் இறக்க வழி தேடி வந்த ஆட்கள். ரத்தம் பார்க்காதவர்கள் இல்லை. ஆனாலும் அதில் ஒருவன் அங்கேயே வரப்போரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். இடது கன்னம் பிளந்து பல் வரிசை வெளியே தெரிந்தது. தடுக்கப் போன வலது கையில் மூன்று விரல்கள் ஒடிந்து புறங்கைப் பக்கமாக மடங்கிக் கிடந்தன. கடைசி அடி குரல்வளையில். அடித்தவன் தகட்டை எடுத்துக்கொண்டு போகக்கூட நிற்கவில்லை. அது கழுத்தில் இறங்கிய இடத்திலேயே நின்றது.

தகடு என்றால் ரிப்பன் ரிட்ராக்டர். ஓரடி நீளம், மூன்று விரல் அகலம், கையால் அழுத்தினால் வளைகிற எஃகு. வயிற்று ஆபரேஷன் முடிந்து தைத்து மூடும்போது, ஊசி குடலில் ஏறிவிடாமல் இதை உள்ளே கொடுத்துக் குடலை அமுக்கிப் பிடிப்பார்கள். கடைசி இரண்டு தையலுக்கு முன்னால் உருவிவிட வேண்டும். அதற்கு முனையும் கிடையாது, கூரும் கிடையாது. மதகின் மேல் சவரியப்பனுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

தகட்டைப் பற்றி இவ்வளவும் கிளாட்சனுக்குத் தெரிந்தது அவன் அக்கா ஷீபா முன்பு எப்போதோ சொல்லித்தான். வலங்கைமானில் நர்சிங் ஹோம் ஒன்றில் தியேட்டர் நர்ஸாக இருந்த ஷீபா, வியாழன் சாயங்காலத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, கொலைக் கேஸில் உள்ளே அனுப்பப் போகிறார்கள். இப்போது மணி பத்து.

பயம் வந்தால் கிளாட்சனுக்கு வாய் நிற்காது. தஞ்சாவூரிலிருந்து புல்லட்டில் வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எங்க அக்கா கொசுவைக்கூட இரண்டு தடவை மன்னித்துவிட்டுத்தான் அடிப்பாள் என்றான். அவள் ஒருவனைக் கொல்வதாக இருந்தால் முதலில் கையைக் கழுவி, கிளவுஸ் மாட்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, 'கொஞ்சம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள் என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயபாரதி கேட்டுக்கொண்டே வந்தாள். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து வேலையை உதறிவிட்டு, மேல வீதியில் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அவள். ஆறு வருஷமாக கிளாட்சன் அவளுடைய உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன். அவன் எப்போது சிரிக்க வைக்கப் பேசுகிறான், எப்போது தான் அழாமல் இருக்கப் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

ஷீபாவுக்கு எதிரான கேஸ் டாக்டர் ராஜராஜனின் வாக்குமூலத்தில் நின்றது. அவருக்குச் சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது. காலையில் காரை எடுத்தால் ஒரத்தநாடு, வலங்கைமான், மயிலாடுதுறை என்று சின்னச் சின்ன நர்சிங் ஹோம்களில் ஆபரேஷன் செய்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற சர்ஜன். கருவிகள் அவருடையவை. எவர்சில்வர் டிரம்மில் அடைத்து டிக்கியில் கூடவே போகும். கருவியைப் பிடிக்கிற சவரியப்பனும் கூடவே போவார். டாக்டர் வெட்டுவார், தைப்பார். எதிர்ப்பக்கம் நின்று சதையையும் குடலையும் ஒதுக்கிப் பிடிப்பது சவரியப்பன்.

என் செட்டில் தகடு ஒன்றே ஒன்றுதான், அதில் ஆர்.ஆர். என்று என் எழுத்து வெட்டியிருக்கும், புதன்கிழமை ஆபரேஷன் முடிந்து அதைக் கழுவி வைத்தது நர்ஸ் ஷீபா, அதன் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை, சவரியப்பனை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கொலை செய்த தகட்டில் ஆர்.ஆர். இருந்தது. போன வாரம்தான் ஷீபா, கை கழுவாமல் தியேட்டருக்குள் வந்ததற்காக சவரியப்பனை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். சவரியப்பன் சாவதற்கு முன் கடைசியாகப் போன் பண்ணியதும் அவளுக்கே.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பாசித் இல்லை. முன்பு ஜெயபாரதியோடு ஒரே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஏட்டு செந்தாமரை இருந்தாள். டாக்டர் காலையில் வந்து இன்னொரு கையெழுத்துப் போட வேண்டியது, ஒரத்தநாட்டில் அவசர ஆபரேஷன் என்று மதியம் வருவதாகச் சொல்லிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே, பிளாஸ்டிக் பையில் இருந்த தகட்டை ஒரே ஒரு நிமிஷத்துக்கு மேஜைமேல் வைத்தாள். ஜெயபாரதி பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். காய்ந்த ரத்தத்துக்கு அடியில், எஃகு முழுவதும் நீலமும் ஊதாவுமாகப் படர்ந்திருந்தது, மழை பெய்த ரோட்டில் பெட்ரோல் சிந்தியது போல.

உள்ளே ஷீபாவிடம் அவள் கேட்டது இரண்டே கேள்வி. புதன்கிழமை நீ கழுவி வைத்த தகடு என்ன நிறம்? சவரியப்பன் போனில் என்ன கேட்டார்?

வெள்ளை வெளேரென்று இருந்தது, முகம் பார்க்கலாம் என்றாள் ஷீபா. போனில் சவரியப்பன் அழுதுகொண்டே பேசினாராம். பழைய தியேட்டர் ரெஜிஸ்டரில், போன வருஷம் தை மாசம், மங்களாம்பிகை என்ற அம்மாவின் கர்ப்பப்பை ஆபரேஷன் பக்கத்தைப் பார்த்துச் சொல், கருவி எண்ணியதில் தகடு எழுதியிருக்கிறதா பார் என்றாராம். ஷீபா வேலைக்குச் சேர்ந்ததே ஐந்து மாசம் முன்புதான். அவள் தேடிப் பார்த்தபோது அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. இதை போலீஸிடம் சொன்னதற்கு, கிழித்தது யாரென்று அவளையே கேட்டார்கள்.

கிளம்பும்போது ஷீபா தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்டா என்று மட்டும் சொன்னாள். கிளாட்சனுக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை.

வெளியே வந்ததும் ஜெயபாரதி புல்லட்டின் பக்கத்தில் குனிந்தாள்.

"இந்த சைலன்சர் வாங்கறப்ப என்ன கலர்?"

"வெள்ளி மாதிரி பளபளன்னு இருந்துச்சு மேடம். ஏன், விக்கப் போறீங்களா?"

"இப்ப இஞ்சின் பக்கம் பாரு."

கிளாட்சன் பார்த்தான். இஞ்சினை ஒட்டிய வளைவில் குழாய் நீலமும் ஊதாவுமாக இருந்தது. தினமும் பார்க்கிற நிறம்தான். 

ஆஸ்பத்திரியில் கருவியை நீராவியில்தான் வேகவைப்பார்கள், அந்தச் சூட்டில் எஃகு நிறம் மாறாது என்றாள் ஜெயபாரதி. அது நீலம் பாரிக்க நெருப்பு வேண்டும், மணிக்கணக்கில் எரிகிற நெருப்பு. ஆக, தகடு ஒன்றில்லை, இரண்டு. ஷீபா கழுவியது வெள்ளைத் தகடு. சவரியப்பனைக் கொன்றது வேறு ஒன்று, எங்கேயோ எரிந்தது.

"வயித்தை மூடறப்ப வெச்சுட்டு எடுக்க வேண்டிய சாமான். எடுக்க மறந்தா அது எங்க இருக்கும்?"

"வயித்துலதான்."

"அந்த மனுஷி செத்துப்போனா?"

இப்போது கிளாட்சனுக்குப் புரிந்தது. பால் தெளிக்கிற அன்று சாம்பலைக் கிளறி எலும்பு பொறுக்கும் ஒரு குடும்பம் அவன் கண்முன் வந்தது. சாம்பலுக்குள் ஓரடி எஃகு.

"புருஷன்" என்றான். "மேடம், புருஷன்தான். பொண்டாட்டி வயித்துல வெச்சுத் தெச்சதையே எடுத்துக்கிட்டுப் போய், பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளோட கழுத்துல இறக்கியிருக்கான்."

ஜெயபாரதி போனை எடுத்து ஒரத்தநாட்டு நர்சிங் ஹோமுக்கு அடித்தாள். குரலில் தேன் ஊற்றிக்கொண்டு, ஐந்து நிமிஷம் அந்த நர்ஸிடம் என்னென்னவோ விசாரித்தாள். மங்களாம்பிகை என்ற பேர் மட்டும் கிளாட்சன் காதில் இரண்டு தடவை விழுந்தது.

மங்களாம்பிகையின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. செத்துப் பத்தொன்பது நாள். புருஷன் பேர் துரைராசு. வீடு பூட்டியிருந்தது, வயலில் இருப்பார் என்றார்கள்.

போகும் வழியில் கிளாட்சன் சைடு ஸ்டாண்டுக் கம்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். கொலைகாரனைப் பார்க்கப் போகிறோம், நான் கையை வீசிக்கொண்டு போய்ச் செத்தால் அப்புறம் உங்களுக்கு டீ வாங்கித் தர ஆள் இருக்காது என்றான். உள்ளுக்குள் அவனுக்கு வேறொன்று ஓடியது. அந்த ஆள் ஒத்துக்கொள்ள மாட்டான். அடித்தாவது ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். மூன்று மணிக்குள்.

சம்பா அறுவடை. நாலு வயல் தள்ளி மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. துரைராசு வரப்பில் மண்வெட்டியோடு நின்று, மிஷின் திரும்புவதற்கு வசதியாக மூலையை வெட்டிச் சரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். பதினாறாம் நாளுக்கு மழித்த தலையில் இப்போதுதான் வெள்ளை முளைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெயில்ல நிக்காதீங்கம்மா என்று பூவரச நிழலுக்குக் கூப்பிட்டார். கிளாட்சன் மண்வெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான்.

ஜெயபாரதி சுற்றி வளைக்கவில்லை. சாம்பலில் ஒரு தகடு கிடைத்ததா என்றாள்.

துரைராசு மறைக்கவே இல்லை. ஆமாம்மா, கிடைச்சுது என்றார். பால் தெளிக்கப் போனபோது வயிறு இருந்த இடத்தில் கிடந்ததாம். அண்ணன் செத்தபோது தொடையில் வைத்த கம்பி இப்படித்தான் சாம்பலில் வந்தது, அதனால் பார்த்ததும் தெரிந்துகொண்டாராம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால் வயிறு தொய்ந்துவிடாமல் இருக்க டாக்டர் தாங்கல் வைத்திருக்கிறார் என்று.

"அவங்க பொருளும்மா அது. ஆர்.ஆர்.னு பேரெல்லாம் வெட்டியிருந்துச்சு. அவளே போயிட்டா, அதை நாம வெச்சுக்கிட்டு என்ன பண்றது? இன்னொருத்தருக்கு ஆவும்ல. பதினாறு முடிஞ்சதும் புளி போட்டு விளக்கி, செவ்வாக்கெழம கொண்டுபோய்க் குடுத்தேன். அந்த நீலம்தான் போவல."

 யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டது தன் குரல்தானா என்று கிளாட்சனுக்கே சந்தேகமாக இருந்தது. நர்சிங் ஹோம் வாசலில் டாக்டர் கார் நின்றது, கூட வரும் சவரியப்பன் இருந்தார், அவர் கையில் கொடுத்தேன் என்றார் துரைராசு. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாராம். என் காலைத் தொடப் போனார், நான் தூக்கிவிட்டேன். நல்ல மனுஷர், அவளை ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன் என்றார்.

பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் தம்பி, அந்தத் தகடு நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கும்? அது சரியா உக்காராமதான் அவளுக்கு அவ்வளவு வலியா?"

கிளாட்சன் ஜெயபாரதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் கொலைகாரன் இல்லை. கொலைகாரன் யார் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி. சாட்சி சொல்ல வேண்டுமென்றால் எதற்குச் சாட்சி என்று இவருக்குச் சொல்ல வேண்டும். ஷீபா வெளியே வர வேண்டுமென்றால் இந்த மனுஷனிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். 

வாய்க்கால் ரோட்டில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது.

"நான்தான் வரவழைச்சேன்" என்றாள் ஜெயபாரதி மெதுவாக. "ஒரத்தநாட்டு நர்ஸ்கிட்ட இந்த அம்மா பேரைச் சொன்னா அவர்கிட்ட போகாமலா இருக்கும்?"

டாக்டர் ராஜராஜன் ஒல்லியான, மென்மையான மனிதர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. அவர் மற்ற இருவரையும் கவனிக்காதவர் போல, மங்களாம்பிகை கேஸ் பேப்பரில் ஒரு கையெழுத்து வேண்டும், காரில் ஏறுங்கள் துரைராசு, பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். துரைராசுவும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"டாக்டர்" என்றாள் ஜெயபாரதி. "காலைல ஒரத்தநாட்டுல ஒரு வயித்தை மூடினீங்களே. எதை வெச்சு மூடினீங்க?"

அவர் நின்றார்.

"உங்ககிட்ட இருந்தது ஒரே தகடு. அது ஸ்டேஷன்ல இருக்கு. ஆனா அந்த நர்ஸ் தன் கையால தகட்டைத் துடைச்சு உங்க டிரம்ல வெச்சேன்னு சொல்றாங்க."

கிளாட்சன் அதற்குள் காரின் பின்பக்கம் போய்விட்டான். டிக்கி பூட்டியிருக்கவில்லை. டிரம்மின் மூடியைத் தூக்கினான். பச்சைத் துணிக்கு நடுவில் அது இருந்தது, ஷீபா சொன்ன மாதிரியே வெள்ளை வெளேரென்று. அதில் அவன் முகம் தெரிந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகம்.

டிக்கி மூடி அவன் இடது கைமேல் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது, பிறகுதான் வலி வந்தது. டாக்டர் மூடியைத் தூக்கி மறுபடியும் முழு பலத்தோடு அறைந்தார். கிளாட்சன் அலறிக்கொண்டு கையை உருவிச் சாய்ந்தான். ஓடிவந்த ஜெயபாரதி அவர் சட்டையைப் பிடிக்கும்போது, டிரம்மிலிருந்து நீளமான கத்தரி ஒன்று அவர் கைக்கு வந்திருந்தது. அவளுடைய தோளில் இறக்கி, பிடுங்கி, மறுபடி இறக்கினார். இரண்டு குத்துக்கும் நடுவில் அவர் முகத்தில் கோபமே இல்லை. வேலையில் இருக்கிற முகம். ஜெயபாரதி காரில் மோதிக் கீழே சரிந்தாள்.

துரைராசு ஓடிவந்தார். ஐயா, ஐயா, என்னங்க ஐயா பண்றீங்க என்று கத்தினார். அந்தக் கத்தலில்தான் டாக்டர் உடைந்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"எட்டாயிரம் வயித்தைத் திறந்து மூடியிருக்கேன்யா. ஒரே ஒருத்தி வயித்துல ஒரு தகடு தங்கிடுச்சு. அதுக்கு அந்த சவரியப்பன் ஒன் வீட்டுக்கு வந்து சொல்லுவேன்னு நிக்கறான். அந்தத் தகட்டைக் கையில வெச்சுக்கிட்டு, மதகுல காரை நிறுத்தச் சொல்லி இறங்கறான். என்ன செய்யச் சொல்றே?"

துரைராசு அப்படியே நின்றார். 

"தங்கிடுச்சுன்னா என்னங்க ஐயா?"

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துரைராசு திரும்பி, புழுதியில் கையை மடியில் போட்டுக்கொண்டு கிடந்த கிளாட்சனைப் பார்த்தார்.

"அது உள்ள வெக்கிற சாமான் இல்லண்ணே" என்றான் கிளாட்சன். "தெச்சு முடிக்கறதுக்குள்ள எடுத்துடணும். எடுக்க மறந்துட்டாங்க."

துரைராசு தலையை ஆட்டினார், விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர் போல. திரும்பி நடந்தார். வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். அவர் ஓடவில்லை. டாக்டர்தான் ஓடினார், காரின் கதவுக்கு. கைப்பிடியைப் பிடித்த கைமேல் மண்வெட்டி இறங்கியது.

மணிக்கட்டுக்கு மேலே, எலும்பு வரை. கை தொங்கிவிட்டது. டாக்டர் கத்துவதற்கு முன்னாலேயே துரைராசு மண்வெட்டியை உருவி மறுபடி ஓங்கிவிட்டார், இந்தத் தடவை கழுத்துக்கு.

கிளாட்சன் எழுந்தது எப்படி என்று அவனுக்குத் தெரியாது. உடைந்த கையும் உடையாத கையுமாக அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். அந்த வலியில் கண் இருண்டது. விடவில்லை.

"அண்ணே, இவன் பேசணும்ணே. இவன் செத்துட்டா எங்க அக்கா வெளிய வர மாட்டா. அவளும் ஒண்ணும் பண்ணலண்ணே."

அவருடைய நெஞ்சு அவன் கைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. மண்வெட்டி மேலேயே நின்றது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு அது மெல்லக் கீழே வந்து, டாக்டரின் கால் பக்கத்தில் மண்ணில் ஊன்றியது.

"உங்க அக்கா எங்க இருக்கு?"

சொன்னான்.

"வண்டியை எடுங்க" என்றார் துரைராசு.

ஜெயபாரதி தோளில் ரத்தம் வழிய வழிய டாக்டரின் காரை ஓட்டினாள். துரைராசு இடுப்புத் துண்டை அவிழ்த்து டாக்டரின் கையை இறுக்கிக் கட்டினார், வரப்பில் உடைப்பு அடைக்கிற கவனத்தோடு. ஆஸ்பத்திரியில் டாக்டரை இறக்கிப் போலீஸ் காவல் போட்ட பிறகு, தங்கள் காயத்தைக் காட்டக்கூட நிற்காமல் வந்து, ஸ்டேஷனில் மேஜைமேல் இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். இரண்டிலும் ஒரே எழுத்து. இன்ஸ்பெக்டர் பாசித் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஷீபாவை வெளியே கூப்பிட்டார்.

ஷீபா வந்ததும் முதலில் பார்த்தது தம்பியின் கையைத்தான். அழுகை எல்லாம் அப்புறம் என்பவள் போல, ஸ்டேஷனில் இருந்த ஸ்கேலையும் நாடாவையும் வாங்கி அவன் விரல்களை நேராக்கிக் கட்ட ஆரம்பித்தாள். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்டா என்றாள். அவன் கத்திய கத்தில் வாசலில் நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

துரைராசு உள்ளே வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தார். தகடு கிடைத்தது, கொடுத்தது, டாக்டர் சொன்னது எல்லாம் எழுதியாகிவிட்டது. டாக்டரின் கையை வெட்டியது நான்தான் என்று அவரே சொன்னார். அதற்குத் தனியாகக் கேஸ் வரும், இன்றைக்கு நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது என்று பாசித் சொன்னதற்குச் சரிங்க என்றார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர் போடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. பதிமூணு மாசம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தா. டாக்டர் வாயுன்னாரு. நடவுக்கு வரச் சோம்பல்பட்டுப் பொய் சொல்றான்னு சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கங்க."

அது கேஸுக்குத் தேவையில்லை ஐயா என்றார் பாசித்.

"எழுதுங்க" என்றார் துரைராசு.

பாசித் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதினார்.